வெட்டிய இடத்தில் மீண்டும் எழும் காடு எவ்வளவு கார்பனைப் பிடிக்கும்?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகிறவர்கள் முதலில் பார்ப்பது தேயிலை. மேடும் சரிவும் ஒரே மட்டமாகக் கத்தரித்த பச்சை. கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அந்தப் பச்சைக்கு நடுவே, ஓடைக் கரைகளிலும் தேயிலை போட முடியாத சரிவுகளிலும், உயர்ந்த மரங்கள் நெருங்கி நிற்கிற சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகள் தெரியும். 1890களில் தோட்டம் போட ஆட்கள் வந்து இறங்குவதற்கு முன் இந்த மேட்டு நிலத்தில் பெரும்பகுதி மழைக்காடுதான். முதலில் காப்பி, அப்புறம் தேயிலை என்று ஒவ்வொரு மலையாக வெட்டியதில் மிஞ்சியவைதான் இந்தத் துண்டுகள்.

இவற்றில் சில, கால் நூற்றாண்டாக மறுபடி வளர்ந்துகொண்டிருக்கின்றன. கீழே சமவெளியிலும் கதை உண்டு. கிணறு வற்றியதாலும், கூலிக்கு ஆள் கிடைக்காததாலும், பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கோவைக்கோ போய்விட்டதாலும் உழவு நின்றுபோன மானாவாரி பூமி கொங்கு முழுக்கக் கிடக்கிறது. அங்கேயும் ஏதோ ஒன்று முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உலகம் சூடாவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "மரம் நடுங்கள்" என்கிறோம். ஒரு காலத்தில் வெட்டிய இடத்தில் காடு தானாகத் திரும்பி வந்தால் அது காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை எடுக்கும், எத்தனை நாளில் எடுக்கும், எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்பதைப் பற்றிக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிறையத் தெரியவந்திருக்கிறது. அதில் நம் பக்கத்துக்குப் பொருந்துகிறதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. மரத்தை நன்றாகக் காயவைத்து எடை போட்டால், அதில் ஏறக்குறைய பாதி கார்பன். அது முழுக்கக் காற்றிலிருந்து இலை இழுத்தது. ஒரு டன் கார்பன் மரமாக நிற்கிறது என்றால், காற்றிலிருந்து சுமார் 3.67 டன் கரியமில வாயு குறைந்திருக்கிறது என்று பொருள். மரத்தை வெட்டாமலே இதை அளக்கிறார்கள். நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை நாடா வைத்து எடுப்பார்கள். உயரத்தைக் கணிப்பார்கள். அந்த இனத்தின் கட்டை எவ்வளவு கனம் என்பது ஏற்கெனவே தெரியும். மூன்றையும் சேர்த்தால் மரத்தின் எடை வந்துவிடும். சில ஆண்டு கழித்து அதே மரத்தை மறுபடி அளந்தால் எவ்வளவு கூடியது என்று தெரியும். நாடாவும் நோட்டுமாக வருடா வருடம் காட்டுக்குள் அட்டைக் கடி வாங்குகிற வேலைதான். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

மறுவளர்ச்சிக் காட்டைப் பற்றி அதிகம் பேசப்படும் எண் 2016இல் வந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன்ஸ் பூர்ட்டரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, மத்திய, தென் அமெரிக்காவில் 45 இடங்களில், மரங்களை அளப்பதற்கென்று குறித்த சுமார் 1,500 நிலத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். எல்லாமே ஒரு காலத்தில் வெட்டி விவசாயமோ மேய்ச்சலோ நடந்து, பிறகு கைவிடப்பட்ட நிலங்கள். அங்கே மறுபடி வளர்ந்த காடு முதல் 20 ஆண்டில், ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 3.05 டன் கார்பன் எடுத்திருந்தது. வெட்டாத பழங்காடு எடுப்பதைப் போல இது 11 மடங்கு.

நம் கணக்கில் சொன்னால், ஒரு ஏக்கர் மறுவளர்ச்சிக் காடு ஆண்டுக்குச் சுமார் நாலரை டன் கரியமில வாயுவை இழுக்கிறது. ஏறக்குறைய 1,700 லிட்டர் டீசல் எரித்தால் வருகிற புகை அது. ஒன்றும் செய்யாமல் விட்ட ஒரு ஏக்கருக்கு இது பெரிய எண்.

இந்த 11 மடங்கைத் தப்பாகப் படிப்பது சுலபம். இளங்காடுதானே அதிகம் எடுக்கிறது, அப்படியானால் பழங்காட்டை வெட்டிவிட்டுப் புதிதாக வளர்த்தால் லாபம்தானே என்று சிலர் உண்மையாகவே கேட்கிறார்கள். காங்கயம் கன்று நாளுக்கு நாள் எடை ஏறும். வளர்ந்த காளை அப்படி ஏறாது. அதற்காகக் காளை கன்றை விட எடை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழங்காடு நூற்றாண்டுகளாகச் சேர்த்ததைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதே 2016 ஆய்வின்படி, 20 வயது மறுவளர்ச்சிக் காட்டில் நிலத்துக்கு மேலே இருக்கும் உலர் எடை ஹெக்டேருக்குச் சராசரியாக 122 டன். கார்பன் என்று பார்த்தால் 60 டன் சொச்சம். பழங்காட்டு எடையில் 90 சதவீதத்தை எட்டவே 66 ஆண்டு ஆகும் (பாதி இடங்களில் அதைவிடக் குறைவு, பாதியில் அதைவிட அதிகம்) என்று கணித்தார்கள். 2021இல் 77 இடங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், எடையும் இனச் சேர்க்கையும் அந்த அளவுக்குத் திரும்ப 120 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று வந்தது. வெட்டுகிறபோது ஒரே கோடையில் எரிந்து போவதை மீட்க நாலைந்து தலைமுறை வேண்டும்.

போன கார்பன் அத்தோடு நிற்பதும் இல்லை. மலேசியாவின் சபா மாநிலத்தில் மரத்தை வெட்டி எடுத்த காடுகளில் மண்ணிலிருந்தும் விழுந்த கட்டைகளிலிருந்தும் வெளிவரும் வாயுவை நேரடியாக அளந்தார்கள். மேலே மரங்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தபோதே, கீழே மக்கும் கட்டைகளும் மண்ணும் அதைவிட அதிகமாக வெளியிட்டுக்கொண்டிருந்தன. மரம் எடுத்து குறைந்தது பத்தாண்டுக்கு அந்தக் காடு மொத்தத்தில் கார்பனை வெளிவிடும் இடமாகவே இருந்தது. 2023இல் வந்த முடிவு இது. பச்சையாகத் தெரிவதை மட்டும் வைத்துக் கணக்கு முடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆக, மறுவளர்ச்சி என்பது ஏற்கெனவே போனதைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்பது. அமேசான், மத்திய ஆப்பிரிக்கா, போர்னியோ மூன்றிலும் செயற்கைக்கோள் படங்களை 1984 முதல் 2018 வரை ஆராய்ந்தவர்கள், மீண்டு வரும் காடுகள் அங்கே ஈரக் காடுகள் அழிவதால் வெளியாகும் கார்பனில் 26 சதவீதத்தை ஈடுகட்டுவதாகக் கண்டார்கள். கால் பங்கு ஈடு என்பது சாதாரணமல்ல. மீதி முக்கால் பங்கு காற்றில்தான் இருக்கிறது என்பதும் சாதாரணமல்ல.

மழையைப் பொறுத்தது

சராசரி எண்ணில் இருக்கும் ஆபத்து கொங்குக்காரர்களுக்கு உடனே புரியும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையின் மேல் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதே மலைக்குக் கிழக்கே இறங்கி உடுமலை தாண்டித் தாராபுரம், மூலனூர் போனால் மழை மறைவுப் பிரதேசம். காரில் இரண்டு மூன்று மணி நேரத் தூரத்துக்குள் மழை பல மடங்கு மாறுகிறது.

இதே மாதிரி வேறுபாடு அந்த 45 இடங்களிலும் இருந்தது. 20 வயதுக் காட்டின் எடை, வறண்ட இடத்தில் ஹெக்டேருக்கு 20 டன்னாகவும் ஈரமான இடத்தில் 225 டன்னாகவும் இருந்தது. 11 மடங்குக்கு மேல் வித்தியாசம். அதை முடிவு செய்தது முக்கியமாகத் தண்ணீர்தான். மண் வளம், முன்பு நிலத்தை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான் வந்தன. அதனால் "ஒரு ஏக்கர் காடு இத்தனை டன் பிடிக்கும்" என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வால்பாறைக்கும் காங்கயத்துக்கும் திட்டம் போடுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். காடு பிடிக்கும் கார்பனைக் கணக்குப் போட்டு விற்கிற கார்பன் வணிகத்தைப் பற்றிப் பேச ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஈரமான இடத்தின் எண்ணைத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

விதை வந்து சேரவேண்டும்

சரி, மழை இருக்கிறது. நிலத்தை விட்டுவிட்டோம். என்ன நடக்கும்?

வெட்டப்பட்ட அடிமரம் மண்ணில் உயிரோடு இருந்தால் அதிலிருந்து தளிர் வரும். மண்ணுக்குள் உறங்குகிற விதை முளைக்கும். காற்றும் பறவையும் வௌவாலும் கொண்டுவருவது சேரும். மழைக்காட்டில் முதலில் வருபவை வெயில் விரும்பிகள். வட்டக்கண்ணி மாதிரி அகல இலை மரங்கள் வேகமாக உயர்ந்து, நிழல் போட்டு, சீக்கிரமே வயதாகிச் சாய்ந்துவிடும். கட்டை லேசானது. அவற்றின் நிழலில் மெதுவாகக் கிளம்புபவைதான் நீண்ட காலத்துக்குக் கார்பனைச் சுமக்கப் போகிறவை: வெடிப்பலா, கருங்குங்கிலியம், கல் மாதிரிக் கனக்கும் கட்டையுள்ள நாங்கு. ஒரே தடிமன் உள்ள இரண்டு மரங்களில் நாங்கு வைத்திருக்கும் கார்பன் வட்டக்கண்ணியில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

கனக்கிற கட்டை உள்ள மரங்கள் பலவற்றுக்கு விதையும் பெரிது. காற்று தூக்காது, சின்னப் பறவை விழுங்காது. இருவாச்சி வேண்டும், மரநாய் வேண்டும், சோலைமந்தி வேண்டும். வேட்டையாடியோ வழியை அடைத்தோ இந்த உயிர்களை விரட்டிவிட்ட காட்டில், வருங்காலத்தில் லேசான கட்டை மரங்களே அதிகமாகும், மொத்தக் கார்பன் குறையும் என்று நம் நாட்டு ஆய்வாளர் ஆனந்த் ஒசூரியும் மற்றவர்களும் 2016இல் காட்டினார்கள். இருவாச்சியைக் காப்பாற்றுவதைப் பறவைப் பிரியர்களின் ஆசை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். கார்பன் கணக்கில் அந்தப் பறவைக்கும் ஒரு வரி உண்டு.

மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இல்லாவிட்டாலும் வளர்ச்சி நின்றுபோகும். பயிர் பறித்துப் பறித்து ஓய்ந்த நிலத்தில் அது குறைவாகத்தான் இருக்கும். இங்கே கைகொடுப்பவை அவரைக் குடும்பத்து மரங்கள். வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்கு மாற்றித் தருபவை. பனாமா கால்வாய்ப் பகுதியில் மறுவளர்ச்சிக் காடுகளில் அளந்தபோது, இந்த மரங்கள் பக்கத்து மரங்களைவிட ஒன்பது மடங்கு வேகம் வரைக்கும் கார்பன் சேர்த்தன. அதிலும் இளங்காட்டில்தான் இந்த வித்தியாசம் அதிகம். முதல் 12 ஆண்டில் ஹெக்டேருக்கு 50 டன் கார்பன் சேர்வதற்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பங்கு இவற்றிடமிருந்து வந்திருக்கிறது. நம் வெள்வேலும் இதே குடும்பம்தான்.

எல்லா நிலமும் இப்படிச் சுமுகமாகத் திரும்பாது. வால்பாறைத் துண்டுகளிலும், சத்தியமங்கலம் காடுகளிலும், கோவையின் மேற்கு மலையடிவாரத்திலும் நடந்தால் இடறுவது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி. வெளிச்சம் விழுகிற இடத்தை எல்லாம் பிடித்து, புதர் மேல் புதராக ஏறி, கீழே எந்த மரக்கன்றும் தலைதூக்க விடாது. அப்படிப்பட்ட இடத்தை இருபது வருடம் சும்மா விட்டால் இருபது வருட உண்ணிப் புதர்தான் கிடைக்கும்.

அங்கேதான் மனிதக் கை தேவைப்படுகிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோர் முன்னின்று, 2000களின் தொடக்கத்திலிருந்து வால்பாறையில் தேயிலை நிறுவனங்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது. உண்ணியை அகற்றுவது, தானாக முளைத்த நாட்டுக் கன்றுகளை வெட்டாமல் காப்பது, சாலையோரத்தில் விழுந்த விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்த்து, அந்த இடத்துக்குரிய பல இன மரங்களைக் கலந்து நடுவது. பின்னால் 2019இல் அளந்து பார்த்தார்கள். இப்படி உதவி செய்த துண்டுகளையும், அதே மாதிரிச் சிதைந்து சும்மா விடப்பட்ட துண்டுகளையும், நல்ல நிலையிலுள்ள காட்டையும் ஒப்பிட்டார்கள். மரங்களின் எண்ணிக்கை, இன வகை, கார்பன் மூன்றிலும் உதவி பெற்ற துண்டுகள் முன்னால் இருந்தன. பெரிய காட்டிலிருந்து தூரமாக ஒதுங்கிக் கிடக்கும் துண்டுகளுக்கு உதவியால் கிடைத்த பலன் அதிகம்.

சபாவிலும் இப்படியே வந்தது. மரம் எடுத்த காட்டைத் தானாக விட்டபோது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 2.9 டன் கார்பன். கொடி வெட்டி, கன்று நட்டு உதவியபோது 4.4 டன். எங்கே சும்மா விடலாம், எங்கே இறங்கவேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் உண்மையான திறமை என்று நினைக்கிறேன். பெரிய காட்டை ஒட்டிய நிலம், உண்ணி ஏறாத நிலம், மாடு நுழையாத நிலம் என்றால் வேலி போதும். பணத்தை அங்கே கொட்டாமல், ஒதுங்கிய துண்டுக்கும் உண்ணி மூடிய சரிவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தேக்கும் தைலமும் தென்னையும்

மரம் என்றாலே காடு என்று நினைப்பது பழைய பழக்கம். டாப்சிலிப்பில் வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கதை தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கைக் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் வெட்டி, மேலிருந்து சறுக்கி விட்டுத்தான் டாப்சிலிப் என்று பெயரே வந்தது. மொட்டையாகிப்போன மலையில், வேரோடு பிடுங்காமல் அடிமரத்தை விட்டு வெட்டினால் மறுபடி தளிர்க்கும் என்று வுட் நின்று நடைமுறைப்படுத்தினார். தன் கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை போட்டபடியே நடப்பார் என்பார்கள். 1933இல் இறந்தார். அவருடைய தேக்குகள் இன்றும் நிற்கின்றன. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. அவர் மீட்டது பெரும்பாலும் தேக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரே இனத் தோட்டத்துக்கும் பல இனக் காட்டுக்கும் கார்பனில் என்ன வித்தியாசம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பார்த்திருக்கிறார்கள். 2020இல் வந்த ஆய்வு அது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் தேக்கு, தைலமரத் தோட்டங்கள் கார்பன் எடுக்கும் வேகத்தில் காட்டுக்குச் சளைக்கவில்லை. வறட்சி வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. தோட்டங்களின் வேகம் அதிகமாகச் சரிந்தது. பல இனம் கலந்த காடு ஓரளவு நிலையாக எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்தால் ஒரு இனம் தடுமாறும், இன்னொன்று தாக்குப்பிடிக்கும். 2016இல் பருவமழை பொய்த்து அடுத்த கோடையில் தென்னை தென்னையாகக் காய்ந்ததைப் பார்த்த கொங்கு நாட்டுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

காகிதத்துக்கு வளர்க்கும் தைலமும் சவுக்கும் மூன்று நாலு ஆண்டிலிருந்து ஆறேழு ஆண்டுக்குள் வெட்டுக்கு வந்துவிடும். வளரும்போது வேகமாகத்தான் எடுக்கும். வெட்டியதும் அது கூழாகி, காகிதமாகி, கொஞ்ச நாளில் குப்பையாகி எரிந்தோ மக்கியோ காற்றுக்கே திரும்பும். விவசாயிக்கு வருமானம் வருகிறது, அது நல்லது. அதைக் காடு வளர்ப்பு என்று கணக்கு எழுதுவதுதான் தப்பு. உலக நாடுகள் பான் சவால் என்ற பெயரில் 2011 முதல் கொடுத்த காடு மீட்பு வாக்குறுதிகளை 2019இல் சைமன் லூயிஸும் சக ஆய்வாளர்களும் பிரித்துப் பார்த்தார்கள். 45 சதவீத நிலம் இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு ஒதுக்கியிருந்தது. அந்த நிலத்தில் இயற்கைக் காடு வளரவிட்டால் தோட்டத்தைப்போல 40 மடங்கு கார்பன் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

நம் நாட்டுக் கணக்கிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழலும் இருந்தால், அது யாருடைய நிலம், என்ன மரம் என்று பார்க்காமல் வனப்பரப்பில் சேர்ப்பார்கள். பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதில் வரும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கி, காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. எந்த நிலத்தில் எந்த மரம் என்ற கேள்வி இல்லாமல் அந்த 33ஐ எட்டினால் கார்பன் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறாமல் போகலாம்.

காங்கயத்தில் காடு வேண்டாம்

இது சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் சொல்லவேண்டும். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்துவிட்டு "பாழாகிப்போன காடு, மரம் நட்டு நிரப்பலாம்" என்று நினைப்பது தவறு. கிளுவை உயிர்வேலி, கீழே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல். மாடும் செம்மறியும் மேய்வதற்கென்று தலைமுறைகளாகப் பழக்கிய நிலம் அது. அந்த மழைக்கு அங்கே அடர்ந்த காடு வராது. புல் நிலத்தில் கார்பனின் பெரும்பங்கு மண்ணுக்குள், வேரில் இருக்கிறது. தீயிலும் வறட்சியிலும் அது மேலே நிற்கும் மரத்தைவிடப் பத்திரம். அதைக் கிளறி, குழி வெட்டி, நெருக்கமாகத் தைலமோ வேறொன்றோ நட்டால் மண்ணில் இருந்ததும் கொஞ்சம் போகும், மேய்ச்சலும் போகும், மாடும் போகும்.

கைவிட்ட மானாவாரி பூமியில் தானாக வருவது பெரும்பாலும் சீமைக் கருவேலம். அதுவும் அவரைக் குடும்பம்தான், வேகமாகத்தான் வளரும். வெட்டினால் தளிர்க்கும். கரிமூட்டம் போட்டு விற்கிறார்கள், அந்தக் கார்பன் அப்படியே அடுப்பு வழியாகக் காற்றுக்குப் போகிறது. அதன் அடியில் வேறெதுவும் சுலபமாக வராது. பவானிசாகர் பக்கம் வெளிமான் மேய்ந்த திறந்த வெளிகளை அது அடைத்துக்கொண்டு வருகிறது. கார்பன் கொஞ்சம் பிடிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதைக் காடு மீள்கிறது என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் ஜேசிபி விட்டுப் பிடுங்கி மண்ணைப் புரட்டிப்போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று திட்டமில்லாமல் விட்டால், இரண்டு மழையில் அதே செடி திரும்ப வரும். வெட்டிய இடத்தில் வெள்வேல், வேம்பு, ஆவாரம், புல் என்று ஏதாவது நிலைக்கிறவரை ஆள் நின்று பார்க்கவேண்டும்.

யார் காத்திருப்பார்கள்?

கோஸ்டாரிகாவின் தெற்கே மறுவளர்ச்சிக் காடுகளைப் பழைய வான்படங்களை வைத்துப் பின்தொடர்ந்தபோது, பாதிக் காடு 20 ஆண்டுக்குள் மறுபடி வெட்டப்பட்டிருந்தது. காடு காப்பதில் பேர் வாங்கிய நாடு அது. 20 ஆண்டில் 60 டன், 66 ஆண்டில் 90 சதவீதம் என்று மேலே சொன்ன எண்கள் எல்லாம், அத்தனை நாள் யாரும் கை வைக்காமல் இருந்தால்தான்.

இங்கே கை வைப்பவை பல. தீ ஒன்று. 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கம் மலை பற்றி எரிந்தபோது, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. பத்து வயது மரத்துக்குப் பட்டை மெல்லியது. பெரிய மரம் தாங்குகிற தரைத்தீ அதைக் கொன்றுவிடும். அப்புறம் நிலத்தின் விலை. மலையடிவாரத்தில் மனை பிரிக்கிற வேகத்தை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் ஒரு விதத்தில் குறுக்கே நிற்கிறது. 1949இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இரண்டும் நிற்கிற மரத்தைக் காப்பதற்கு வந்தவை, பல இடங்களில் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் மலையோரம் பூமி வைத்திருப்பவர் மனதில் வேறு பயம் உட்கார்ந்திருக்கிறது. "மரத்தை வளர விட்டுப்போட்டு, நாளைக்கு ஒண்ணு வெட்டோணும்னா எத்தனை ஆபீசு ஏறி எறங்கோணுமுங்க?" என்று கேட்பார்கள். அதனால் முளைக்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். தானாக வளர்ந்த நாட்டு மரத்தை விட்டுவைத்தவருக்கு அதனால் நஷ்டம் வராது என்ற உறுதியும், வருடம் ஏற ஏறக் கூடுகிற ஒரு தொகையும் கிடைத்தால்தான் இது மாறும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் கன்று நடுவார்கள். பதினைந்தாம் வருடம் நிற்கிற மரத்துக்குப் பணம் கொடுத்தால் மரம் நிற்கும்.

காட்டுக்குள்ளேயே வாழும் காடர், மலசர், இருளர், ஊராளி, சோளகர் மக்களை இதில் சேர்க்காமல் எதுவும் நடக்காது. 2006இன் வன உரிமைச் சட்டம் சமூக வன உரிமையை, அதாவது காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. தீ எங்கே முதலில் பிடிக்கும், எந்த மரத்தின் விதை எந்த மாதம் விழும், உண்ணியை எப்போது வெட்டினால் திரும்ப வராது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

எந்த வயதுக் காட்டைக் காப்பது அதிகப் பலன் தரும் என்பதற்கும் இப்போது ஒரு விடை இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து அளவுகளைத் திரட்டி 2025இல் வெளிவந்த ஆய்வு, கார்பன் எடுக்கும் வேகம் உச்சத்தில் இருப்பது புதிதாக முளைத்த நிலத்தில் அல்ல, ஏறக்குறைய 20 முதல் 40 வயதுக் காட்டில்தான் என்கிறது. வால்பாறையில் 2000களின் தொடக்கத்தில் உண்ணி வெட்டிக் கன்று நட்ட துண்டுகள் இப்போதுதான் அந்த வயதுக்குள் நுழைகின்றன. இனி அவற்றை ஒட்டிச் சாலை அகலப்படுத்தவோ, விடுதி கட்டவோ, மின்கம்பி இழுக்கவோ யாராவது மனு கொடுத்தால், அந்தக் கோப்பில் அந்தத் துண்டின் வயதையும் எழுதவேண்டும்.